மகனுக்கு மாதக்கணக்கில் மூக்கடைப்பு: ஸ்ப்ரேயா, ஆபரேஷனா, காத்திருப்பதா?

தஞ்சாவூர் அம்மா

எல்லாருக்கும் வணக்கம். என் மகனுக்குச் சீக்கிரம் ஐந்து வயது முடியப்போகிறது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்தே மூக்கடைப்பு. சளி பிடிக்கும், காய்ச்சல் வரும், போய்விடும். அடைப்பு மட்டும் போவதே இல்லை. பகலில் டிவி பார்க்கும்போதும் வாய் திறந்தேதான் இருக்கிறது. ராத்திரியில் பெரியவர்கள் மாதிரி குறட்டை. தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தை நீட்டி வைத்துக்கொண்டு தூங்குகிறான். காலையில் தலையணை எச்சிலில் நனைந்து கிடக்கும். சாப்பாடுதான் பெரிய பாடு. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு மூச்சும் விட முடியாமல், நாலு வாய் தின்றதும் போதும் என்று எழுந்துவிடுகிறான்.

குழந்தைகள் டாக்டர் மான்டிலூகாஸ்ட்டும் லெவோசிட்ரிசினும் சேர்ந்த அலர்ஜி சிரப் எழுதினார். குடிக்கும்வரை கொஞ்சம் பரவாயில்லை, நிறுத்தினால் பழையபடிதான். அப்புறம் ஒரு ஈஎன்டி டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "அடினாய்டு பெரிதாக இருக்கிறது, எடுத்துவிடலாம்" என்றார். இன்னொரு டாக்டர், "வயது ஏற ஏறத் தானே சுருங்கிவிடும், ஸ்ப்ரே போடுங்கள்" என்கிறார். மாமியார், "தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்து, எல்லாம் சரியாகும்" என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது? இதே மாதிரி அனுபவம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

சேலம் செல்வி

கவலைப்படாதீர்கள் சகோதரி, என் மகளுக்கும் இப்படித்தான் இருந்தது. வாரம் ஒரு நாள் தூதுவளை ரசம், கற்பூரவல்லிச் சாறு ரெண்டு சொட்டு தேனில். ராத்திரி நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வையுங்கள். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சிலும் மூக்கிலும் தடவினால் அடைப்பு உடனே விடும். எங்கள் வீட்டில் கைக்குழந்தைக்கே தடவுவோம்.

வார்டு சிஸ்டர்

செல்வி அக்கா சொன்னதில் தூதுவளை ரசத்துக்கு நான் மறுப்பு சொல்ல மாட்டேன். சூடாக ரசம் குடித்தால் எந்தக் குழந்தைக்கும் தொண்டை இதமாக இருக்கும். மற்ற ரெண்டையும் பற்றிக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். நான் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறவள்.

ஆவி பிடிக்கும் பாத்திரம் கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்து வரும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். போர்வைக்குள் இருட்டு, மூச்சு முட்டும், குழந்தை காலை உதறும், கொதிதண்ணீர் மடியில் விழும். அவ்வளவுதான் நடக்கிறது, ஒரு நொடி. ஆவியால் அடைப்பு கொஞ்ச நேரம் விட்டதுபோல் தோன்றும், நோய் எதையும் அது மாற்றுவதில்லை. அதற்காக இந்த ஆபத்து வேண்டாம்.

கற்பூரம் அதைவிட மோசம். சின்னக் குழந்தைகளுக்கு அது தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் உள்ளே போகும். வலிப்பு வரவைக்கும். கடையில் விற்கும் தைலங்களிலும் கற்பூரம் உண்டு. ரெண்டு வயதுக்குள் எதுவும் தடவ வேண்டாம். பெரிய குழந்தைக்கும் மூக்கு ஓரத்தில் வேண்டவே வேண்டாம். கட்டிக் கற்பூரம் பூஜை அலமாரியில் குழந்தையின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும், கல்கண்டு என்று வாயில் போட்டுவிடும்.

இன்னொன்று, குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும், லேசில் ஆறாது. பாட்டிமார்கள் பாசத்தில்தான் செய்கிறார்கள், அதனால் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

காது மூக்கு தொண்டை

தஞ்சாவூர் சகோதரிக்கு. நான் ஈஎன்டி மருத்துவன். குழந்தையைப் பார்க்காமல் இது இன்ன நோய் என்று இங்கே சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்லலாம்.

மூக்கடைப்பு ஒரு அறிகுறிதான். எங்கே, எதனால் அடைக்கிறது என்று தெரியாமல் மருந்து மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. முதல் கேள்வி இதுதான்: மூக்கு முழுசாகத் திறந்திருக்கும் நாள் என்று ஒன்று இருக்கிறதா? பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த குழந்தைக்கு வருடத்துக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சகஜம். ஒவ்வொன்றும் பத்துப் பதினாலு நாள் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்று முடியும்முன் அடுத்தது வந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு எப்போதும் சளி இருப்பதுபோல் தெரியும். ஆனால் நடுவில் நல்ல நாட்கள் இருக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கு உப்பு நீர்ச் சொட்டும் பொறுமையும் போதும். நல்ல நாளே இல்லை, மாதக்கணக்கில் வாயால்தான் மூச்சு என்றால் அது வேறு.

இந்த வயதில் இரண்டு காரணங்கள்தான் முன்னால் நிற்கும். ஒன்று அலர்ஜி. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், தண்ணீர் மாதிரி ஒழுகல், மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு. உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். தேய்த்துத் தேய்த்து மூக்கின் நடுவே குறுக்காக ஒரு மெல்லிய கோடு விழுந்திருக்கும், வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். கண்ணுக்குக் கீழே கருமை. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, வீசிங், தோல் அரிப்பு இருக்கும்.

இரண்டாவது அடினாய்டு. மூக்கின் பின்கோடியில், அண்ணத்துக்கு மேலே இருக்கும் சதை. டான்சில் மாதிரி இதுவும் கிருமிகளை அடையாளம் காணும் திசு, எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. 1868-ல் கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் என்ற மருத்துவர்தான் இது பெருத்தால் குழந்தை வாயால் மூச்சு விடும், காதும் கேட்காமல் போகும் என்று முதலில் விளக்கி எழுதினார். மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் இது பெரிதாக இருக்கும், அப்புறம் மெல்லச் சுருங்கும். அதனால் உங்களிடம் "எடுத்துவிடலாம்" என்றவரும் "சுருங்கிவிடும்" என்றவரும் இருவருமே தவறாகச் சொல்லவில்லை. முடிவு எக்ஸ்ரேயில் இல்லை, குழந்தையின் தூக்கத்திலும் காதிலும் இருக்கிறது. எக்ஸ்ரே ஒரு கணத்தின் படம். குழந்தை அழுதாலோ வாயைத் திறந்திருந்தாலோ அளவு மாறித் தெரியும். மெல்லிய குழாய் விட்டு நேராகப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி நம்பகமானது, சில நொடியில் முடிந்துவிடும். "மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது" என்று யாராவது சொன்னால் எந்தச் சதை என்று கேளுங்கள். மூக்கின் பக்கச்சுவரில் உள்ளதா, பின்னால் இருக்கும் அடினாய்டா, திராட்சை மாதிரித் தொங்கும் பாலிப்பா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு. குழந்தைகளுக்குப் பாலிப் அபூர்வம். இருந்தால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உண்டா என்றும் பார்ப்போம்.

இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். தூங்கும்போது குறட்டை நின்று, மூச்சும் நின்று, பிறகு திக்கென்று இழுத்து விடுகிறானா? நெஞ்சுக்கூடு உள்ளே குழிகிறதா? நிறுத்திய படுக்கை நனைப்பு மறுபடி வந்ததா? எடை ஏறுகிறதா? கூப்பிட்டால் ஒரே தடவையில் திரும்புகிறானா? செல்போனில் தூங்குகிற வீடியோ எடுங்கள், சட்டையைக் கழற்றி நெஞ்சு தெரிகிற மாதிரி. என்னிடம் வருபவர்களில் அந்த வீடியோவோடு வருகிறவர்களுக்கு முடிவு சொல்வது எனக்குச் சுலபம்.

தயிர், வாழைப்பழம் பற்றி: அவை மூக்கை அடைப்பதில்லை. சாப்பிடவே சிரமப்படும் குழந்தையிடமிருந்து அதையும் பிடுங்க வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

தஞ்சாவூர் அம்மா

டாக்டர் சார், இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி வீடியோ எடுத்தோம். மூச்சு நிற்பது மாதிரி தெரியவில்லை, குறட்டை விடாமல் ஓடுகிறது. நெஞ்சு குழியவில்லை. படுக்கை நனைப்பதில்லை. ஆனால் நீங்கள் காதைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. டீச்சர் "ரெண்டு தடவை சொன்னால்தான் செய்கிறான்" என்று சொல்லியிருந்தார். விளையாட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டோம். டிவி சத்தத்தையும் அவன்தான் கூட்டி வைப்பான். தும்மலும் உண்டு, காலையில் ஏழெட்டு வரிசையாக வரும். அவன் அப்பாவுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்ததாம்.

கோவை அப்பா

என் மகளுக்கும் ஸ்ப்ரே எழுதினார்கள். பாட்டிலில் ஸ்டீராய்டு என்று போட்டிருந்தது. நான் போடவில்லை. வளர்ச்சி நின்றுவிடும், எலும்பு பலவீனமாகும் என்று எத்தனையோ படித்திருக்கிறேன். மாதக்கணக்கில் ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுப்பதை எப்படி இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. டாக்டரிடம் மரியாதையோடுதான் கேட்கிறேன்.

காது மூக்கு தொண்டை

நியாயமான கேள்வி, ஐயா. ஒவ்வொரு பெற்றோரும் கேட்க வேண்டியது. கணக்கையே சொல்கிறேன்.

புளூட்டிகசோன் ஃபியூரோயேட் என்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே ஒரு அழுத்தலுக்கு 27.5 மைக்ரோகிராம். 2 முதல் 11 வயதுவரை வழக்கமான அளவு ஒவ்வொரு துளையிலும் ஒரு அழுத்தல், தினம் ஒரு முறை. மொத்தம் 55 மைக்ரோகிராம். அதில் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வீசிங் கடுமையாக வந்தால் 15 கிலோ குழந்தைக்கு வாய்வழியாகக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம், அதாவது 15,000 மைக்ரோகிராம் ஆகிவிடும். இரண்டின் வீரியமும் வேறு, நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் நீங்கள் படித்த எலும்பு, வளர்ச்சிப் பிரச்சினைகள் பெரும்பாலும் அந்த வாய்வழி மருந்தை நெடுநாள் கொடுப்பதால் வருபவை.

வளர்ச்சியில் துளியும் மாற்றமில்லை என்று நான் சொல்லவில்லை. இதே மருந்தை இரண்டு மடங்கு அளவில், 110 மைக்ரோகிராம், ஒரு வருடம் தினமும் கொடுத்துப் பார்த்த ஆய்வில் வளர்ச்சி வேகம் வருடத்துக்கு 0.27 சென்டிமீட்டர் குறைந்தது. இதே வகை ஸ்ப்ரேயான மொமெட்டாசோனை 100 மைக்ரோகிராம் வீதம் ஒரு வருடம் கொடுத்த ஆய்வில் அந்தக் குறைவும் தெரியவில்லை. அதனால்தான் தேவையான குறைந்த அளவு, தேவையான காலம், உயரத்தை அளந்து குறித்துவைப்பது. இன்னொரு பக்கம், ராத்திரி சரியாகத் தூங்காத, சரியாகச் சாப்பிடாத குழந்தையின் வளர்ச்சியும் பாதிக்கும். அதையும் தராசில் வையுங்கள்.

ஸ்ப்ரே "வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களில் பலர் அதைத் தவறாகப் போடுகிறார்கள். செய்து காட்டச் சொன்னால் தலையை அண்ணாந்து வைத்து, மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து அழுத்துவார்கள். பாதி தொண்டைக்குப் போகும், மீதி நடுச்சுவரைப் புண்ணாக்கி ரத்தம் வரவைக்கும். சரியான முறை: முதலில் உப்பு நீர் விட்டு மூக்கைச் சிந்தவேண்டும். தலை லேசாகக் குனிந்திருக்கட்டும். வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை. அப்படிப் பிடித்தால் முனை தானாகவே வெளிப்பக்கமாக, அதே பக்கக் காதைப் பார்த்துத் திரும்பும். அழுத்தும்போது பலமாக உறிஞ்ச வேண்டாம், மெதுவாக மூச்சு இழுத்தால் போதும். ஒரு நாளில் பலன் தெரியாது. முழுப் பலனுக்கு இரண்டு வாரம்கூட ஆகும். அடினாய்டு பெருத்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு இதே ஸ்ப்ரே ஆறிலிருந்து எட்டு வாரம் போட்டால் அடைப்பு குறைகிறது. எல்லாருக்கும் இல்லை.

மருந்துக்கடை நண்பன்

நான் பார்மசிஸ்ட். கவுண்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

உடனே மூக்கு திறக்கிற சொட்டு மருந்து, ஆக்ஸிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின், சீட்டே இல்லாமல் கேட்டு வாங்கிப் போகிறார்கள். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் போட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். மருந்தின் வேகம் இறங்கியதும் உள்ளே முன்னைவிட வீங்கும், மறுபடி ஒரு சொட்டு, மறுபடி வீக்கம். "எங்கள் பாப்பாவுக்கு இது இல்லாமல் தூக்கமே வராது" என்று மாதாமாதம் வருகிற வீடுகள் உண்டு. நான் அவர்களை டாக்டரிடம் அனுப்பிவைப்பேன். பெரியவர்கள் சொட்டைச் சின்னக் குழந்தைக்கு ஊற்றுவது இன்னும் ஆபத்து. மயக்கமும் மூச்சுத் தளர்வும் வரலாம்.

அடுத்தது சளி சிரப். குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த கலவைகளை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று லேபிளில் அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு போட்டது. வாய்வழிப் பினைல்எஃப்ரின் மூக்கடைப்பை நீக்குவதே இல்லை என்று அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு சொன்னது. 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாடா மாவட்டத்தில் இருமல் சிரப் குடித்து எத்தனை பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து போய்ச் சேர்ந்தன என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்தது, சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அந்தச் செய்தி வந்த நாட்களில் கடையில் நிற்கவே மனசு கனத்தது. அதை ஒட்டித்தான் 2 வயதுக்குக் கீழ் சளி, இருமல் மருந்தே எழுதக் கூடாது, 5 வயதுக்குக் கீழ் பொதுவாகவே வேண்டாம் என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் அறிவுறுத்தியது.

தஞ்சாவூர் அக்கா சொன்ன மான்டிலூகாஸ்ட் பற்றியும் சொல்கிறேன். கெட்ட கனவு, திடீர்க் கோபம், அழுகை, நடவடிக்கையில் மாற்றம் என்று மனம் சார்ந்த பக்கவிளைவு சிலருக்கு வரும். 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்குக் கட்டம் போட்ட, மிகக் கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. அலர்ஜி மூக்கடைப்புக்கு மற்றது பலிக்காதபோது மட்டும் கொடுக்கச் சொன்னது. ஆஸ்துமாவுக்காகக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் "சளி மருந்துதானே" என்று பழைய சீட்டைக் காட்டி வருஷம் முழுக்க வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

தஞ்சாவூர் அம்மா

அந்த சிரப் குடித்த நாட்களில் ராத்திரி அலறி எழுந்தான். பேய்க்கனவு என்று விபூதி பூசிவிட்டோம். இதைத் தெரிந்துகொண்டது நல்லதாகப் போயிற்று, டாக்டரிடம் கட்டாயம் சொல்கிறேன். உப்பு நீர் என்று எல்லாரும் சொல்கிறீர்களே, வீட்டிலேயே கலக்கலாமா?

வார்டு சிஸ்டர்

கலக்கலாம் தங்கச்சி. ஆனால் தண்ணீர் கொதித்து ஆறியதாகத்தான் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர் நேராக மூக்கில் கூடாது. கேரளத்தில் 2024-லும் 2025-லும் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தி வந்ததே, அது மூக்கு வழியாகத்தான் ஏறும். கால் லிட்டர் தண்ணீருக்கு உப்பு 2.25 கிராம், அரை டீஸ்பூனைவிடக் கொஞ்சம் குறைவு. அன்றன்றைக்குக் கலந்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கூடினால் எரியும், குழந்தை அடுத்த தடவை கிட்டவே விடாது. ஐந்து வயதுப் பையனுக்குக் கடையில் கிடைக்கும் உப்பு நீர் ஸ்ப்ரே இன்னும் சுலபம். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும்முன் ஒவ்வொரு துளையிலும் ஒன்றிரண்டு சொட்டு விட்டுச் சற்றுப் பொறுத்துக் கொடுத்தால் நன்றாகக் குடிக்கும். முதல் சில மாதம் அவை மூக்கால்தான் மூச்சு விடும். அடைத்தால் பாலே இறங்காது.

சிங்கப்பூர் வாசகி

எங்கள் ஊரில் அலர்ஜி என்றால் முதலில் வீட்டுத்தூசிப் பூச்சியைத்தான் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஈரப்பதமான ஊர்களில் மெத்தையிலும் தலையணையிலும் கூட்டமாக வாழும். காவிரிக்கரை ஊர்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நாங்கள் செய்தது: இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்தோம், மெத்தைக்குப் பூச்சி புகாத உறை போட்டோம், விரிப்பை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறோம், பஞ்சுப் பொம்மைகளைப் படுக்கையிலிருந்து அப்புறப்படுத்தினோம். ஊரில் வெந்நீர் மெஷின் இல்லாவிட்டால் கொதிதண்ணீரில் ஊறவைத்து உச்சி வெயிலில் காயப்போடலாம். கரப்பான் தொல்லையும் அலர்ஜிக்கு ஒரு காரணம்.

கொசுவத்தியையும் பாருங்கள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் அளந்திருக்கிறார்கள். மூடிய அறையில் குழந்தை ராத்திரி முழுக்க அதைத்தான் சுவாசிக்கிறது. கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியும் புகைதான், தலை காயவைக்கத் துண்டு போதும்.

கோவை அப்பா

டாக்டர், கணக்கோடு சொன்னதற்கு நன்றி. ஸ்ப்ரே விஷயத்தில் மறுபடி எங்கள் டாக்டரைப் பார்த்துப் பேசப்போகிறேன். ஒரு கேள்வி. ஒரு லேபில் 100-க்கும் மேற்பட்ட பொருளுக்கு ரத்தத்தில் அலர்ஜி டெஸ்ட் எடுக்கலாம் என்கிறார்கள். பாலிலிருந்து பட்டாணிவரை எல்லாம் உண்டு. எடுக்கலாமா?

காது மூக்கு தொண்டை

வேண்டாம். உணவு அலர்ஜியால் மூக்கு மட்டும் மாதக்கணக்கில் அடைப்பது அரிது. அந்த மாதிரிப் பட்டியலில் பத்துப் பொருளாவது 'பாசிட்டிவ்' என்று வரும், அத்தனையையும் குழந்தை சாப்பாட்டிலிருந்து நிறுத்திவிடுவார்கள். மெலிந்துபோய் வந்த குழந்தைகளைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். மருந்தால் கட்டுப்படாவிட்டால், தூசிப்பூச்சி, கரப்பான், பூஞ்சை, செல்லப்பிராணி என்று காற்றில் வருவதற்கு மட்டும் தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் போதும், அதுவும் நோயின் கதையோடு பொருந்தினால்தான் அர்த்தம்.

அரசுப் பள்ளி ஆசிரியை

டீச்சர் "ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது" என்றார் என்ற வரியில் நின்றுவிட்டேன். என் வகுப்பிலும் ஒரு பிள்ளை. கடைசி பெஞ்சில் வாய் திறந்தபடி உட்கார்ந்திருப்பாள், டிக்டேஷனில் பாதி வார்த்தை தவறும். மந்தம் என்று முந்தின வகுப்பில் முத்திரை குத்தியிருந்தார்கள். பள்ளிக்கு வரும் ஆர்பிஎஸ்கே (குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் காட்டினேன். மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பினார்கள். காது டெஸ்டில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருப்பது தெரிந்தது. செலவு எதுவும் ஆகவில்லை. பெற்றோர் இருவரும் கூலி வேலை செய்கிறவர்கள், இப்படி ஒரு வழி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தயவுசெய்து காதைப் பார்த்துவிடுங்கள், தங்கச்சி. அதுவரை முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

ஓசூர் அப்பா

நாங்கள் ஆபரேஷன் செய்தவர்கள். மகனுக்கு அப்போது ஆறு வயது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். நானும் மனைவியும் முறைவைத்து விழித்திருப்போம். அடினாய்டோடு டான்சிலையும் எடுத்தார்கள். முதல் வாரம் தொண்டை வலி, வாயில் கெட்ட வாடை, குரல் மூக்கால் பேசுவதுபோல். அப்புறம் எல்லாம் போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ராத்திரி சத்தமே இல்லையே என்று பயந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூக்கால் மூச்சு வந்துகொண்டிருந்தது. ஆடி ஓடும் பையன்கள் எல்லாரும் இப்படித்தான் தூங்குவார்கள் போலிருக்கிறது! என் கருத்து: டாக்டர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

காது மூக்கு தொண்டை

ஓசூர் நண்பரின் மகனுக்கு அது சரியான முடிவு, மூச்சு நின்றது. எல்லாக் குறட்டைக்கும் அதுவே முடிவு அல்ல. 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்கிறேன். தூக்கத்தில் மூச்சுத் தடை உள்ள 5 முதல் 9 வயதுக் குழந்தைகள் 464 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்கு டான்சிலும் அடினாய்டும் எடுத்தார்கள், மீதிப்பேரைக் காத்திருந்து கவனித்தார்கள். ஏழு மாதம் கழித்து, எடுத்தவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை இயல்பாகியிருந்தது. எடுக்காதவர்களிலும் 46 சதவீதம் பேருக்கு இயல்பாகியிருந்தது. தூக்கம், நடத்தை, அன்றாட வாழ்க்கை எல்லாம் ஆபரேஷன் செய்தவர்களுக்குத் தெளிவாக மேம்பட்டது. கவனத்தை அளக்கும் டெஸ்டில் மட்டும் வித்தியாசம் இல்லை. கடுமையாக மூச்சுத் திணறும் குழந்தையை இந்த ஆய்வை நம்பிக் காக்க வைக்கக்கூடாது. லேசான குழந்தைக்குச் சில மாதம் கவனித்துப் பார்ப்பது அலட்சியம் அல்ல.

எடுப்பதானால் முன்னாடியே சொல்ல வேண்டியவை: ரத்தம் உறையாத குறை வீட்டில் யாருக்காவது உண்டா, ஆடுகிற பல் இருக்கிறதா. அண்ணத்தையும் உள்நாக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருந்தால் எடுத்த பிறகு பேச்சு மூக்கால் வரலாம், தண்ணீர் மூக்கில் ஏறலாம். அலர்ஜி உள்ள குழந்தைக்கு அடினாய்டை எடுத்தாலும் அலர்ஜி மூக்கு அப்படியேதான் இருக்கும், ஸ்ப்ரே தொடர வேண்டி வரலாம். இதை முன்பே சொல்லாததால்தான் "ஆபரேஷன் பண்ணியும் சரியாகவில்லை" என்ற வருத்தம் வருகிறது.

தஞ்சாவூர் அம்மா

எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள். அடினாய்டு முக்கால்வாசி அடைத்திருக்கிறது, மூக்கின் உள்பக்கமும் அலர்ஜியால் வெளுத்து வீங்கியிருக்கிறது. இரண்டு காதிலும் நீர். செவிப்பறை அசையவில்லை என்று, காது டெஸ்டில் கோடு மேடில்லாமல் படுத்திருக்கும் தாளைக் காட்டினார் டாக்டர். மூச்சு நிற்காததால் இப்போது ஸ்ப்ரே, மூன்று மாதம் கழித்துக் காதை மறுபடி பார்ப்பது, அப்போதும் நீர் இருந்து கேட்பதும் குறைவாக இருந்தால் அடினாய்டை எடுத்துக் காதில் சின்னக் குழாய் வைப்பது என்று முடிவு. எனக்கு நிம்மதியாக இருக்கிறது, ஏனென்றால் இப்போது ஏன் காத்திருக்கிறோம், எதுவரை என்று தெரியும். மாமியார்தான் இப்போது கை மாற்றிப் பிடித்து ஸ்ப்ரே போட்டுவிடுகிறார்.

அருப்புக்கோட்டை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பாப்பாவுக்கு மூன்று வயது. ஒரு வாரமாக வலது மூக்கில் மட்டும் மஞ்சளாக ஒழுகுகிறது, கிட்டே போனால் நாற்றம் தாங்கவில்லை. ஆன்டிபயாட்டிக் கொடுத்தபோது குறைந்தது, மறுபடி வந்துவிட்டது. இதுவும் அலர்ஜியா?

காது மூக்கு தொண்டை

இல்லை. ஒரு பக்கம் மட்டும், நாற்றத்தோடு ஒழுகினால் உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கே ஈஎன்டி டாக்டர் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். நீங்களாக விரலோ ஹேர்பின்னோ விட வேண்டாம், உள்ளே தள்ளிவிடும். தண்ணீரோ சொட்டோ விட வேண்டாம், புளியங்கொட்டை, கடலை மாதிரி இருந்தால் ஊறிப் பெருக்கும். வீட்டில் ரிமோட், பொம்மை, கைக்கடிகாரம் எதிலாவது பொத்தான் பேட்டரி காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் இப்போதே கிளம்புங்கள். சில மணி நேரத்திலேயே அது நடுச்சுவரை அரித்து ஓட்டை போட்டுவிடும்.

அருப்புக்கோட்டை

போய் வந்துவிட்டோம் டாக்டர். பேட்டரி இல்லை. சோபாவிலிருந்து பிய்த்த ஸ்பாஞ்ச் துண்டு, கறுத்துப்போய் இருந்தது. கொக்கி மாதிரி ஒன்றை விட்டு ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். கடவுள் புண்ணியம். உங்களுக்கும் கோடி நன்றி.

காது மூக்கு தொண்டை

நல்ல செய்தி. இன்னொரு மூக்கையும் இரண்டு காதையும் பார்த்தார்களா? ஒன்றைப் போட்ட குழந்தை இன்னொன்றையும் போட்டிருக்கும். பார்க்கவில்லை என்றால் நாளைக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள். சோபாவையும் தைத்துவிடுங்கள்.